பசித்த தண்ணீர்

வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பின் அளவு தெரியும். குறைந்தால் வாய் சிவக்காது. கூடினால் நாக்கு வெந்துவிடும். சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலையைச் சிறு வயதிலேயே திருட்டுத்தனமாக மென்று பார்த்து, இரண்டு கஷ்டங்களையும் அனுபவித்தவன் நான். ஆனால் தண்ணீருக்கும் சுண்ணாம்பில் ஓர் அளவு உண்டு, அந்த அளவு தப்பினால் அது சுவரையே தின்னத் தொடங்கிவிடும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிய வைத்தது, கூடலூர்ப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவர் கட்டிய நீச்சல் குளம்.

சிநேகிதர் திராட்சை விவசாயி. பேரப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்தால் மூன்றாம் நாளே 'போர் அடிக்கிறது' என்று மூட்டை கட்டுகிறார்களே என்ற ஏக்கத்தில், தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், நாலடி ஆழத்தில் ஒரு குளம் கட்டினார். ஏறக்குறைய ஐம்பதாயிரம் லிட்டர் பிடிக்கும். உள்ளே வெள்ளைச் சிமெண்டுப் பூச்சு. தோட்டத்து ஓரமாக இறங்கி ஓடும் மலையோடைத் தண்ணீரையே அதில் நிரப்பினார். கட்டிக் கொடுத்தவர், பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டையும் ஆசிட் ஒரு கேனும் வைத்துவிட்டு, "பச்சையானா பவுடரு, கலங்கினா ஆசிட்டு" என்று ஒரே வரியில் சாஸ்திரம் முழுவதையும் உபதேசித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது சிநேகிதர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. குளம் பச்சை, பேரன் கண்ணு சிவப்பு, எம் மூஞ்சி வெளுப்பு. எல்லா நிறமும் வந்திருச்சு. குடிக்கிற தண்ணியை விடச் சுத்தமான தண்ணியைத்தானே விட்டேன்?"

பவுடர் போடப் போட நெடி ஏறியதே தவிரப் பச்சை போகவில்லை. பிறகு ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். தண்ணீர் தெளிந்தது, ஆனால் சுவர் சொரசொரவென்று உப்புத்தாள் போல் ஆகி, பிள்ளைகளின் பாதத்தை உரசிப் புண்ணாக்கியது. இரண்டு லட்சத்துக்கு மேல் செலவழித்த மனிதர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை, நோயாளிக் கட்டிலருகே நிற்பவர் போல இருந்தது.

எனக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தின் வழிமூலம் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி என்று நம்புகிறவன். ஆகவே படித்துப் பார்த்தேன்.

குளோரினை முதலில் பிரித்துப் பார்த்தவர் ஸ்வீடன் நாட்டு ஷீலே, ஆண்டு 1774. அதைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பவுடராக்கி 1799-ல் உரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் டென்னன்ட். துணியை வெளுப்பதற்காகப் பிறந்த சரக்கு அது. 1847-ல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ அறைக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி மற்ற டாக்டர்களை வற்புறுத்தினார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. 1905-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு பரவியபோது, ஹூஸ்டன் என்பவர் குடிதண்ணீரிலேயே அதைக் கலந்தார். 1908-ல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரம் நிரந்தரமாகவே கலக்கத் தொடங்கியது. அங்கிருந்து நீச்சல் குளத்துக்கு வந்தது சில ஆண்டுகளில். நம் பக்கத்தில், மேட்டூர் அணையின் மின்சாரம் கிடைத்த தைரியத்தில் 1936-ல் தொடங்கிய மேட்டூர் ரசாயனக் கம்பெனி, உப்பிலிருந்து குளோரின் எடுக்க ஆரம்பித்தது.

இத்தனை பெரிய வமிசத்தில் வந்த சரக்கு, சிநேகிதரின் குளத்தில் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

குளோரின் தண்ணீரில் இரண்டு வேஷம் போடுகிறது. ஒரு வேஷம் கிருமியைக் கொல்லும். மற்றொன்று பெரும்பாலும் சும்மா நிற்கும். எந்த வேஷம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் புளிப்பும் காரமும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் என்ற பீர் ஆலையின் சோதனைச் சாலையில் ஸாரன்ஸன் என்பவர் 1909-ல் இதற்கு ஓர் அளவுகோல் செய்தார். அதுதான் பி.எச். என்பது. ஏழு நடுநிலை, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். ஏழரையில் குளோரினில் பாதி வேலை செய்யும். எட்டரைக்கு ஏறினால் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. பிளீச்சிங் பவுடரிலோ சுண்ணாம்பு இருக்கிறது; போடப் போடக் காரம் ஏறும். சிநேகிதர் வீரர்களை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டு, அவர்களுக்கு மயக்க மருந்தும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்! போதாததற்கு, பட்டப் பகலில் போட்டிருக்கிறார். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். மாலையில் போட வேண்டிய மருந்து அது. நெடியும் கண்ணெரிச்சலும் கூட மருந்து அதிகமானதால் வருவதில்லை. வியர்வையும் பிள்ளைகள் செய்யும் மற்றதும் குளோரினோடு கூடிப் பிறக்கும் வேறொரு பொருளால் வருகிறது.

இந்தப் புளிப்பு–காரச் சோதனை நமக்குப் புதிதல்ல. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது. அதை ஆரத்தி என்று சுற்றிக் கொட்டுகிறோம். குளத்து நீரைச் சோதிக்கும் சிறு பெட்டியில் இருக்கும் மருந்தும் அப்படித்தான், மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகிறது. மாப்பிள்ளைக்குக் காட்டுவதைக் குளத்துக்கும் வாரம் இரண்டு தரம் காட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, சுவர் விஷயம். மழையாகப் பெய்து, பாறை மேல் ஓடி வரும் மலைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குடிக்க இனிக்கும், பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும். ஆனால் அது பசித்த தண்ணீர். எதில் சுண்ணாம்பு கிடைக்குமோ அதைக் கரைத்துத் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும். கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் லாங்கலியர் 1936-ல் இந்தப் பசிக்குக் கணக்குப் போட ஒரு சூத்திரம் கொடுத்தார். அவர் கவலைப்பட்டது நகரத்துக் குழாய்களைப் பற்றி. தண்ணீர் குழாயை அரிக்காமலும், சுண்ணாம்பு படிந்து குழாயை அடைக்காமலும் இருக்கும் நடுப்புள்ளி எது என்று தேடினார். அதே கணக்கைத்தான் பிற்பாடு நீச்சல் குளக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சிநேகிதரின் தண்ணீர் பிறவியிலேயே பசித்தது. அதற்கு மேல் ஆசிட்டையும் ஊற்றியதால் அகோரப் பசி வந்து, வெள்ளைப் பூச்சைத் தின்றுவிட்டது. பரிகாரம் எளிது. தண்ணீர் கேட்பதை நாமே முதலில் கொடுத்துவிட வேண்டும். சுவரை மறுபடி பூசி, ஓடை நீரை நிரப்பி, தண்ணீரின் தாங்குசக்திக்காக நாலு கிலோ ஆப்பச் சோடாவும், பசி அடங்க எட்டுக் கிலோ கால்சியம் குளோரைடும் வெவ்வேறு நாட்களில் கரைத்து விட்டோம். பி.எச். ஏழே காலுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் நின்றது. பவுடரையும் ஆசிட்டையும் அருகருகே வைக்காதபடி வேறு வேறு அறைக்கு மாற்றினோம். அவை இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் வாயுதான் 1915-ல் பெல்ஜியத்தில் ஈப்ர போர்முனையில் சிப்பாய்களைக் கொன்றது.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேரன், பத்து வயதுப் பையன், முதல் நாள் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவன் கேட்டான்:

"தாத்தா, மேலே அணையிலேயும் இதே மலைத் தண்ணிதானே? அப்போ பென்னிகுவிக் கட்டின அணையையும் அது தின்னுமா?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பள்ளத்தாக்கில் தைப் பொங்கலன்று அந்த வெள்ளைக்காரருக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அணையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் இங்கே அது வயிற்றுக் கேள்வி.

தின்னும் என்பதுதான் உண்மை. பெரியாற்று அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. அன்று சிமெண்டு கப்பலில் வர வேண்டிய சரக்கு. நம் நாட்டில் சிமெண்டு செய்யும் முயற்சியே 1904-ல் சென்னையில்தான் தொடங்கியது. ஆகவே பென்னிகுவிக், சுண்ணாம்பு இரண்டு பங்கு, சுட்ட செங்கல் பொடியான சுர்க்கி ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று அரைத்த காரையை நம்பினார். சுர்க்கி சேர்ந்த சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயும் இறுகும். அடிவாரத்தில் எடுத்த சுண்ணாம்புக் கல்லைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மலைக்கு ஏற்றினார்கள். வெள்ளமும் காய்ச்சலும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. அப்படிக் கட்டிய சுவரைத்தான், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குச் சோறு போடும் அதே தண்ணீர், கசிவு வழியாகத் துளித் துளியாக நக்கிக்கொண்டிருந்தது. கசிந்து வெளியே வந்த சுண்ணாம்பு, காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் படிந்தது.

அந்த வெள்ளையைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். 1930-களிலும், மறுபடி 1960-களிலும் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு தலைமேல் கான்கிரீட் தொப்பி, உள்ளே பாறை வரை இறங்கும் எஃகு வடம், முதுகுக்குக் கான்கிரீட் அணைப்பு என்று பலப்படுத்தினார்கள். கரைந்த சுண்ணாம்பு எவ்வளவு, இட்ட பலம் எவ்வளவு என்பது இரண்டு மாநிலங்களின் வழக்கிலும் பேசப்பட்டது. சுப்ரீம் கோர்ட் 2006-லும் 2014-லும் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பயமும் பயம்தான். இந்தப் பக்கத்துப் பசியும் பசிதான். வழக்குப் பேச நான் வரவில்லை. பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"தின்னும்டா. அதனாலதான் அப்பப்ப அதுக்கு ஊட்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவை கட்டிட்டு மறந்துபோற சாமான் இல்லை அது."

பையன் திருப்தி அடைந்தானா என்று தெரியவில்லை. சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மருந்தை அஞ்சு சொட்டு விட்டு, சாயங்கால வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தான். "ரோஜாக் கலர், தாத்தா!" என்று கூவிவிட்டுத் தண்ணீரில் குதித்தான்.

சிநேகிதர் வெற்றிலையை மடித்தார். விரல் நுனியில் எடுத்த சுண்ணாம்பில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. வழக்கம்போல் தூணில் தடவப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டவராய் எழுந்து போய், அதைக் குளத்துச் சுவரில் தடவிவிட்டு வந்தார்.