மேல்முறையீட்டில் உயர்ந்த தண்டனை: மைசூரு தடா வழக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

வீரப்பன் கும்பலின் பாலாறு கண்ணிவெடித் தாக்குதல் (1993 ஏப்ரல் 9) வழக்கில் மைசூரு தடா (பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 2001-இல் விதித்த ஆயுள் தண்டனையை எதிர்த்து நால்வர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2004 ஜனவரி 29 அன்று அவர்களுக்குக் கிடைத்தது தூக்கு. ‘சைமன் எதிர் கர்நாடக அரசு’ எனப்படும் இத்தீர்ப்பை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தடா வாக்குமூலத்தின் ஏற்புடைமையையோ கருணை மனுவின் தாமதத்தையோதான் பேசியிருக்கிறார்கள். தண்டனை எவ்வழியில், எக்காரணத்தால் உயர்ந்தது என்பதே இதில் முதன்மையான சிக்கல் என்பது என் வாதம்.

முதலில் வழி. தடா சட்டத்தின் 19-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு உரிமை தந்தது. தண்டனை உயர்ந்தது அரசின் மேல்முறையீட்டால் அல்ல. நீதிமன்றமே தானாக அறிவிப்பு அனுப்பியது. தண்டனைத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டில் தண்டனையின் தன்மையை மாற்றலாம், உயர்த்தக் கூடாது என்றது அன்றைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 386(ஆ). முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-ஆம் உறுப்பு இருக்கிறதே எனலாம். அது சட்டத்தின் வெளிப்படையான விதியை ஓரங்கட்டுவதற்கு அல்ல என்று 1998-இலேயே உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் முடிவாகிவிட்டது. அறிவிப்பு கொடுத்தார்களே என்பதும் நிற்காது: அறிவிப்பு ஒரு நடைமுறைக் காப்பு, இல்லாத அதிகாரத்தை அது உண்டாக்காது.

அடுத்தது காரணம். தண்டனை பற்றிய பகுதியில் நீதிமன்றம் சொல்வதன் சாரம் இது: தங்கள் செயலால் பலர் சாவார்கள் என்பதைக் குற்றவாளிகள் எதிர்பார்த்திருப்பர்; அவர்களின் குற்றச் செயல்களால் அப்பகுதி மக்களின் இயல்பு வாழ்க்கையே சிதைந்தது; மரண தண்டனை இல்லாவிட்டால் அது நீதியைக் கேலி செய்வதாகும். முதல் கூற்று பாலாற்றைப் பற்றியது. அதில் எனக்குப் பிணக்கில்லை; 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட தாக்குதல் அது. இரண்டாவதுதான் உறுத்துகிறது. மாதேஸ்வரன் மலைச் சுற்றுவட்டாரம் அஞ்சி நடுங்கியது வீரப்பன் கும்பலின் பல்லாண்டு நடமாட்டத்தால். அந்த முழு வரலாறும் இங்கே நான்கு பேரின் கணக்கில் எழுதப்படுகிறது. யார் எதில் எவ்வளவு பங்கு என்ற பிரிப்பு அந்த வரியில் இல்லை.

ஆயுதச் சட்டத்தின் கீழ் தொடர் குற்றவாளிக்குக் கிடைக்கும் காப்போடு இதை வைத்துப் பார்க்கலாம். அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் மறுபடி அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்டால், பிந்தைய குற்றத்துக்குரிய தண்டனை இரட்டிப்பாகலாம். ஆனால் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 211(7)-இன்படி முந்தைய தண்டனை, அதன் தேதி, இடம் ஆகியவை குற்றச்சாட்டில் குறிப்பிடப்பட வேண்டியிருந்தது. அமர்வு நீதிமன்ற விசாரணையில், புதிய குற்றத்துக்குத் தீர்ப்பு வரும்வரை அந்தப் பகுதியை வாசிக்கவே கூடாது என்றது அதே சட்டத்தின் 236. பழைய கறை புதிய வழக்கின் மேல் படியாமலிருக்கவே இத்தனை தடுப்பு. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்து இரண்டாம் முறை பிடிபட்டவனுக்குச் சில ஆண்டுகள் கூடுதலாக்க இவ்வளவு கட்டுப்பாடு. ஆயுளைத் தூக்காக்க ஒரு வட்டாரத்தின் அச்சம் போதுமாம்!

2014 ஜனவரி 21-இன் சத்ருகன் சௌகான் தீர்ப்பு தூக்கை நீக்கிவிட்டதால் இது முடிந்துபோன வழக்கு என்பர். அப்படியல்ல. கருணை மனுமீது ஏறத்தாழ 9 ஆண்டு தாமதம் என்பதே அங்கே காரணம். 2004-இன் உயர்வை அது தொடவில்லை. நால்வரும் கடைசியில் மைசூரு விதித்த ஆயுளுக்கே திரும்பினார்கள் என்பது வேறு கதை.

மாறாக, 2025-இல் நாகராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது கவனத்துக்குரியது: அரசோ பாதிக்கப்பட்டவரோ கேட்காத நிலையில், குற்றவாளியின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தானாகத் தண்டனையை உயர்த்த முடியாது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பைத் திருத்திய இந்த விதி உச்ச நீதிமன்றத்தையே கட்டுமா என்பதில் கருத்து வேறுபடலாம். எனினும் தடா மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அமர்ந்திருந்தது முதல் மேல்முறையீட்டு மன்றமாகத்தான். 386-இன் தடை, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 427-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. ஆகவே சைமன் தீர்ப்பைத் தண்டனை உயர்வுக்கு முன்னுதாரணமாகக் காட்டும் அரசுத் தரப்பு, இந்தப் பிரிவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.