நோட்டு ஸ்வர சாகித்தியங்கள்

ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தில் ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி அமைத்த சிறு உருப்படிகள் நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. சுமார் 40 உருப்படிகள் வழக்கில் உள்ளன. எல்லாமே சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. ‘காஞ்சீசம் ஏகாம்ரநாயகம்’ என்பது பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதரைப் பாடுவது.

திருவாரூரிலிருந்த தீட்சிதர் குடும்பம் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய மகன் சின்னையா முதலியார் காலத்தில் தீட்சிதர் சகோதரர்களுக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. தம்பி பாலுசுவாமி அங்கேயே ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அந்த வாத்தியத்தைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அண்ணன் எடுத்துக்கொண்டது மெட்டுகளை.

அப்படி எடுத்ததில் அவர் காட்டிய கட்டுப்பாடுதான் இந்த உருப்படிகளின் சிறப்பு. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாட்டான ‘காட் சேவ் த கிங்’ மெட்டில் அமைந்தது. ச ச ரி, நி ச ரி, க க ம, க ரி ச என்று மூன்று மூன்று எண்ணிக்கையில் நடக்கும் அந்த மெட்டு, திஸ்ர ஏகத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டமைப்பு இல்லை. கமகம் இல்லை. வழக்கமான சங்கராபரணத்தில் அசைந்து வரும் மத்தியமம் இங்கே நேராக நிற்கிறது. ‘ஜகதீச குருகுஹ’வுக்கு அடிப்படை ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு. ஆட்டத்துக்கான துள்ளலை விட்டுவிடாமலே அதில் தெய்வத்தின் பெயரையும் தம் ‘குருகுஹ’ முத்திரையையும் பொருத்தியிருக்கிறார். விட்டது ஒன்றுதான்: பாண்டில் பல வாத்தியங்கள் சேர்ந்து எழுப்பும் ஒத்திசைவு. ஒற்றைக் குரலுக்கு அது இயலாது.

கமகத்தை இவ்வளவு துல்லியமாக விலக்கியவர் அதில் தோய்ந்தவர் என்பதற்குக் காஞ்சிபுரமே சாட்சி. உபநிஷத் பிரம்மேந்திரர் என்ற துறவியின் அருகில் அவர் சில ஆண்டுகள் இங்கே தங்கியிருந்தார். பஞ்சபூதத் தலங்களில் பிருதிவித் தலமான ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அவர் பைரவியில் பாடிய ‘சிந்தய மாகந்த மூலகந்தம்’, ஸ்தலவிருட்சமான மாமரத்தை முதல் அடியிலேயே வைத்து, ரூபக தாளத்தில் ஆற அமர விரிகிறது. அந்தக் கீர்த்தனையையும் ‘காஞ்சீச’த்தையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். அதே இறைவன், அதே வாக்கேயக்காரர். ஒன்றில் ஒவ்வொரு ஸ்வரமும் அசைவால் உயிர்பெறுகிறது. மற்றதில் அசைத்தால் மெட்டே கலைந்துவிடும். இரண்டுக்கும் உரிய நியாயத்தை அவர் செய்திருக்கிறார்.

அசையும் ஸ்வரத்தையும் நேர் மெட்டையும் எப்படிக் கையாள்வது என்ற இதே சிக்கல் மேற்கில் எதிர்த்திசையில் எழுகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசையான கிளெஸ்மர், கிளாரினெட்டிலும் வயலினிலும் விம்மல் போன்ற அசைவுகளை நம்பி வாழ்வது. அதில் அதிகம் புழங்கும் ‘ஃப்ரெய்கிஷ்’ ஸ்வர வரிசை, நம் 14ஆவது மேளமான வகுளாபரணத்தின் ஸ்வரங்களையே கொண்டது. இதைப் பெரிய பாண்டுக்கு எழுதும்போது அத்தனை பேரும் ஒரே மாதிரி விம்ம முடியாது. பிரிட்டனின் ஆடம் கோர்ப் 1998இல் எழுதிய ‘யிட்டிஷ் டான்சஸ்’ ஐந்து பகுதிகள் கொண்டது. நடுவே வரும் ‘டோய்னா’வில், நம் ஆலாபனை போல, தாளக்கட்டு தளர்ந்து தனி வாத்தியங்கள் பேசுகின்றன, கடைசி ‘ஃப்ரெய்லக்ஸ்’ பகுதியில் பாண்டு முழுவதும் ஆட்டத்துக்குத் திரும்புகிறது. அசைவு தனி வாத்தியத்துக்கு, துள்ளல் கூட்டத்துக்கு என்று பிரித்துக்கொடுப்பது நல்ல வழி.

தமிழ்நாட்டில் பாண்டு மோகம் தீட்சிதரோடு நிற்கவில்லை. மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் ரசிகர்கள் கேட்டுக் கேட்டுப் பாடவைத்த ‘இங்கிலீஷ் நோட்டு’ ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடையது. பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர், 1905இல் வெளியிட்ட தெலுங்கு நூலான ‘பிரதமாப்யாச புஸ்தகமு’வில் நோட்டு ஸ்வரங்களைச் சேர்த்தார். அது பாலபாட நூல். தொண்டை இன்னும் பழகாத குழந்தைக்குக் கமகமில்லாத மெட்டு எளிதில் வசப்படும் என்பதால் இன்றும் ஆசிரியர்கள் இவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். வயலின் பழகுபவர்களுக்கும் இவை ஏற்றவை: வில் நேராகப் போகிறதா, காந்தாரம் சரியான இடத்தில் விழுகிறதா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.