சைக்கிளில் வந்த டிடெக்டிவ் டீச்சர்

ஒரு ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சர். புருஷன் இறந்துட்டார், குழந்தைங்க இல்லை. கார் ஓட்ட மாட்டாங்க, உள்ளூர்ல எங்கே போகணும்னாலும் சைக்கிள்தான். பொழுதுபோகாம எழுதின ஒரு மர்மக்கதை பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர, திடீர்னு பெரிய எழுத்தாளர் ஆகிடறாங்க. அதோட விட்டா பரவாயில்லை. அந்தம்மா கால் வைக்கிற இடத்துல எல்லாம் ஒரு பிணம் விழுது!

இதுதான் 'மர்டர், ஷி ரோட்'. அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1984 செப்டம்பர் 30 அன்று ஆரம்பித்து 1996 மே 19 வரை ஓடியது. 12 சீசன், 264 எபிசோடு. ஜெசிக்கா ஃப்ளெட்சராக நடித்தவர் ஆஞ்சலா லான்ஸ்பரி. ஊர் பேர் கேபட் கோவ், மெய்ன் மாநிலத்துக் கடலோரக் கிராமம். (படம் பிடிச்சது அந்தப் பக்கம் கலிஃபோர்னியாவின் மெண்டோசினோவில். அட்லாண்டிக்னு நம்மகிட்ட காட்டினது பசிபிக் கடல்!) அந்த ஊருக்கு விருந்தாளியா போறவங்க உயில் எழுதி வச்சுட்டுப் போறது உத்தமம் :-)

உருவாக்கினவங்க மூணு பேர்: ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க், பீட்டர் ஃபிஷர். முதல் இரண்டு பேரும் 'கொலம்போ'வைப் படைத்தவர்கள். கசங்கின மழைக்கோட்டு போட்ட ஆசாமியைப் பார்த்து, "இவனா கண்டுபிடிக்கப் போறான்"னு கொலைகாரன் அசட்டையா இருப்பான். அங்கேதான் மாட்டுவான். அதே சூத்திரம்தான் இங்கேயும். மழைக்கோட்டுக்குப் பதிலா வயசு. பக்கத்துல ஒரு வயசான அம்மா காபி குடிச்சிட்டிருந்தா யார் குரலைத் தாழ்த்திப் பேசறாங்க? எல்லாம் அவங்க காதுல விழும்.

லான்ஸ்பரிக்கு இந்த அலட்சியம் பழகின விஷயம். 1962ல் வந்த 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மாவா நடிச்சார். நிஜத்தில் ஹார்வியை விட மூணே வயசுதான் மூத்தவர்! 1980ல் 'தி மிரர் கிராக்ட்' படத்தில் மிஸ் மார்ப்பிளா வந்தப்பவும் நரை விக் வச்சு மூப்பாக்கிட்டாங்க. ஜெசிக்கா வேஷம் கூட முதலில் ஜீன் ஸ்டேப்பிள்டனுக்குப் போய், அவர் வேண்டாம்னு சொன்ன பிறகு இவருக்கு வந்தது. தொடர் ஆரம்பிக்கும்போது வயசு 58.

வேடிக்கை என்னன்னா, அதே 1984 டிசம்பரில் இங்கிலாந்தில் பிபிசியும் ஒரு பாட்டியைக் களத்தில் இறக்கியது. மிஸ் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன், வயசு 78. 'நீ ஒருநாள் என் மார்ப்பிளா நடிக்கணும்'ங்கற மாதிரி அகதா கிறிஸ்டியே 1940களில் அவருக்கு எழுதியிருந்தார். 1961ல் மார்கரெட் ரூதர்ஃபோர்ட் மார்ப்பிளா நடிச்ச 'மர்டர், ஷி செட்' படத்தில் இதே ஹிக்சனுக்கு ஒரு சின்ன வேஷம். ஜெசிக்கா தொடரின் பேரும் அந்தப் படத்தின் பேரை ஒட்டி வந்ததுதான்.

ஆனா லான்ஸ்பரி மேல எனக்கு மரியாதை வந்தது நடிப்பால மட்டும் இல்லை. ஹாலிவுட் மறந்துபோன பழைய முகங்களை எல்லாம் இந்தத் தொடர் தேடித்தேடிக் கூப்பிட்டது. ஜூன் ஆலிசன், வான் ஜான்சன், சிட் சாரிஸ், மிக்கி ரூனி... 1987ல் ஒரு எபிசோடு, 1949ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சஸ்ட் பார்கெயின்' படத்தின் தொடர்ச்சி. அதே நடிகர்கள், வயசாகி, அதே பாத்திரங்களாவே வந்தாங்க. ஃப்ளாஷ்பேக்குக்கு அந்தப் பழைய படமே!

அப்புறம் மேட்லின் ரூ. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் வந்து சக்கர நாற்காலியில் இருந்த நடிகை. நடிகர் சங்கத்து மருத்துவக் காப்பீடு தொடரணும்னா வருஷத்துக்கு இவ்வளவு சம்பாதிச்சிருக்கணும்னு ஒரு கணக்கு. வேலை இல்லாததால் அவருக்கு அது கைவிட்டுப் போக இருந்தது. விஷயம் தெரிஞ்ச லான்ஸ்பரி, கேபட் கோவில் ஒரு நூலகர் வேஷத்தை அவருக்காகவே உருவாக்கினார், சக்கர நாற்காலியோடவே. தருமம்னு கையில் திணிக்கலை பாருங்க, சம்பளத்தோட வேலையாக் கொடுத்தார். அந்த மனசுதான் பெருசு.

இனி சோகக் கட்டம். பதினோரு வருஷம் ஞாயிறு இரவு 8 மணி, ஜெசிக்கா நேரம். 1994-95ல் கூட ரேட்டிங்கில் முதல் பத்துக்குள். ஆனா விளம்பரக்காரர்கள் எண்ணிப் பார்க்கிற தலைகள் 18லிருந்து 49 வரைதான். ஜெசிக்காவைப் பார்த்ததில் பெரும்பாலானோர் அதைத் தாண்டினவங்க. இளசுகள் வேணும்னு, 1995ல் சிபிஎஸ் தொடரைத் தூக்கி வியாழனுக்குப் போட்டது. எதிரில் யார் தெரியுமா? 'ஃப்ரெண்ட்ஸ்'! நேரா பலிபீடம். ஒரே வருஷத்தில் முதல் ஐம்பதுக்குள் கூட இல்லை. கதை முடிந்தது.

கடைசி எபிசோடின் தலைப்பு 'டெத் பை டெமோகிராஃபிக்ஸ்'. இளைஞர்களைப் பிடிக்கணும்னு ஆளே மாறிப்போகும் ஒரு ரேடியோ ஸ்டேஷன், அங்கே ஒரு கொலை. தொடரைக் கொன்னது யார்னு அவங்களே எழுதி வச்சுட்டுப் போனாங்க :-)

எம்மி விருதுக்காரர்களும் லேசுப்பட்டவங்க இல்லை. 12 சீசனுக்கும் 12 முறை சிறந்த நடிகைக்கான பரிந்துரை, ஒரு தடவை கூடக் கொடுக்கலை. லான்ஸ்பரி 2022 அக்டோபரில், 97 வயசுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

வயசானவங்களை யாரும் கவனிக்க மாட்டாங்க என்பதை வச்சுத்தான் ஜெசிக்கா கொலைகாரர்களைப் பிடிச்சார். வயசானவங்க பார்க்கிறதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டாங்க என்பதால்தான் அவர் கதையும் முடிஞ்சது. ஆயுதம் ஒண்ணுதான், பிடிச்ச கைதான் வேற.

அடுத்த தடவை வீட்டுப் பெரியவங்க கையில் ரிமோட் இருந்தா, பிடுங்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, கொலைகாரன் யார்னு கேட்டுப் பாருங்க. பாதிக் கதையிலேயே சொல்லிடுவாங்க!