நிறுத்தி வைத்த வேனில் எலி குடியேறாமல் காப்பது எப்படி?

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கும் போர்ட்டிக்சனுக்கும் போய் வந்த வேன், அடுத்த பயணம் வரை வீட்டு ஓரத்தில் போர்வைக்குள் நிற்கும். இரண்டு மாதம் கழித்துத் தைப்பூசத்திற்குக் கிளம்பலாம் என்று கதவைத் திறந்தால் மூத்திர வாடை முகத்தில் அடிக்கும். மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே கிடக்கும். இழுப்பறை முழுக்கப் புழுக்கை. சாவியைத் திருப்பினால் பாதி விளக்குகள் எரியாது.

படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் பொருத்திய கேம்பர் வேனுக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல இது. குடும்பத்தோடு ஊர் போக வாங்கி, மற்ற நாள்களில் ஓடாமல் நிற்கும் எந்த வேனுக்கும் இது நேரும். மழை நனைக்காத, மனித நடமாட்டம் இல்லாத, மெத்தையும் துணியும் உள்ள இடம் எலிக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆபத்து எங்கே இருக்கிறது?

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதனால் வாழ முடியும். வயரின் பிளாஸ்டிக் உறை அதற்குத் தோதான பொருள். உறை போன இரண்டு வயர்கள் உரசிக்கொண்டால் ஃபியூஸ் போவதோடு நின்றுவிடலாம், தீப்பிடிக்கவும் கூடும்.

வேனுக்குள் எரிவாயு அடுப்பு இருந்தால் அபாயம் இன்னும் பெரிது. தோம்பிலிருந்து அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாயையும் எலி விடாது. ஊசிமுனை அளவு ஓட்டையே போதும். கதவு சன்னல் அடைத்துக் குடும்பம் தூங்கும் இடம் அது என்பதை மறக்கக் கூடாது. நீண்ட நாள் நின்ற வேனில் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன், குழாய் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து, சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். கடித்த தடம் தெரிந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் குழாயையே மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது ஆபத்து நோய். மலாயில் ‘கெஞ்சிங் தீக்குஸ்’ என்று பலரும் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், எலி முதலிய பிராணிகளின் சிறுநீர் வழியே பரவுகிறது. தோலில் உள்ள சிறு காயம், கண், வாய், மூக்கு வழியே கிருமி உடலுக்குள் நுழைகிறது. 2010ஆம் ஆண்டில் பகாங், லூபோக் யூவில் தேடல் பணியில் ஈடுபட்டவர்களிடையே இந்நோயும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. அதே ஆண்டில்தான் லெப்டோஸ்பைரோசிஸ் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது.

வந்திருப்பது எது?

புழுக்கையைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அரிசி மணியைவிடச் சிறிதாக, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி. 12 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் வீட்டெலி அல்லது சாக்கடைப் பெருச்சாளி.

கூர்மூக்கோடு ‘கீச் கீச்’ என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் மூஞ்சூறு வேறு இனம். அது கொறிக்கும் பிராணி அல்ல; கரப்பான், பூச்சிகளைத் தின்று வாழ்வது. வேனில் அதன் கடும் நாற்றம் வீசலாம், ஆனால் வயரைக் கடித்தது பெரும்பாலும் அதுவாக இருக்காது.

அளவு தெரிவது ஏன் முக்கியம் என்றால், அடைக்க வேண்டிய ஓட்டையின் அளவு அதைப் பொறுத்தது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர். சுண்டெலியின் கர்ப்ப காலம் சுமார் மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அவை ஏறக்குறைய ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். ஆகவே இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வேனில் ஒன்று பலவாகிவிட நேரம் தாராளமாக இருக்கிறது.

நிறுத்தும் இடம்

தோட்டத்தில் குடியிருப்போருக்கு இது புதிதல்ல. செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்த உணவு. மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும்போது எலிகள் பக்கத்து லயங்களை நோக்கி வருவதைப் பார்த்தவர்கள் பலர். தாமான்களில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயும் குப்பைத் தொட்டியும் அவற்றின் வாழிடம். அடைமழையில் கால்வாய் நிரம்பும்போது அவை காய்ந்த இடம் தேடி மேலே ஏறும்.

செம்பனை, வாழை, அடர்ந்த செடிகள் ஆகியவற்றிலிருந்து வேனைத் தள்ளி நிறுத்த வேண்டும். மரக்கிளை கூரையைத் தொடக் கூடாது. வீட்டெலி கிளை வழியே எளிதாக இறங்கிவிடும். கோழிக்கூண்டு, பூனை நாய் உணவுத் தட்டு, பழைய பலகைக் குவியல் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. சிமெண்டுத் தரை மண்தரையைவிட நல்லது. வேனைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால், மறைவில்லாத இடத்தைக் கடக்க எலி தயங்கும்.

தரை வரை தொங்கும் போர்வை எலிக்கு மறைவைத் தருகிறது. போர்வை தேவைப்பட்டால் சக்கரத்தின் பாதி உயரத்திற்கு மேல் அதைத் தூக்கிக் கட்டலாம். மின்சாரம் கொடுக்க வீட்டிலிருந்து இழுத்த வயர், கூடாரக் கயிறு ஆகியவையும் எலிக்குப் பாலம்தான். தேவை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஓட்டையைத் தேடுவது

இருட்டியபின் ஒருவர் வேனுக்குள் டார்ச் விளக்கைத் தரையோரமாகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே படுத்து வெளியிலிருந்து பார்த்தால் ஒளி கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். மாற்றியமைத்த வேன்களில் தண்ணீர்க் குழாய், சிங்க் கழிவுக் குழாய், பேட்டரி வயர் ஆகியவற்றுக்காகத் தரையில் துளை போட்டிருப்பார்கள். பட்டறையில் துளை பெரிதாகவும் குழாய் சிறிதாகவும் அமைந்துவிடுவது வழக்கம். அந்தச் சுற்று இடைவெளிதான் முதல் வாசல். கதவு ரப்பர் கிழிந்த இடம், குளிர்பெட்டியின் காற்றுத் துவாரம், கூரைக் காற்றாடி, பின்விளக்கின் உட்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சிறு இடைவெளியில் துருப்பிடிக்காத எஃகு நார் அல்லது செம்புக் கம்பி வலையை இறுக்கித் திணித்து, மேலே சிலிக்கன் பூசலாம். பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் நம் ஊர் ஈரத்தில் விரைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். நுரை மட்டும் அடித்தால் எலி அதைக் கடித்துக் குடைந்து வந்துவிடும். பெரிய துளைக்கு அலுமினியத் தகடு வைத்துத் திருகாணி போடுவதே சரி.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. எரிவாயுத் தோம்பு வைக்கும் பெட்டியின் அடியில் உள்ள துவாரம் வேண்டுமென்றே விடப்பட்டது. எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துவாரம் வழியே வெளியேற வேண்டும். அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலையை மட்டும் பொருத்தலாம். மற்ற காற்றுத் துவாரங்களுக்கும் இதே முறைதான்.

முன்பகுதியும் எஞ்சினும்

முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியாகப் புகுந்து, குளிர்சாதனத்தின் வடிகட்டி மேல் கூடு கட்டுவது எலிக்கு வழக்கம். நிறுத்துவதற்கு முன் குளிர்சாதனத்தை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றி வைத்தால் பல வண்டிகளில் வெளிக்காற்று மடல் மூடிக்கொள்ளும். பல ஜப்பானிய வண்டிகளில் அந்த வடிகட்டி இடப்பக்கக் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். வெளியே எடுத்துப் பார்ப்பது எளிது.

எஞ்சின் மூடியை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும், வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வருவதும் நல்ல காப்பு. நடமாட்டம் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். வயர் மேல் சுற்றுவதற்கு மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பும் விற்பனைக்கு உண்டு. ஹோண்டா நிறுவனமே அத்தகைய டேப்பை விற்கிறது.

உணவும் கூட்டுப் பொருளும்

அரிசி, மைலோ, பால்மாவு, பிஸ்கட், மாகி மீ எதுவும் வேனில் தங்கக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவை எலி கடித்துவிடும். தகர டப்பாவோ கண்ணாடிப் புட்டியோ வேண்டும். இருக்கை இடுக்கில் சிக்கிய முறுக்குத் தூளையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆயுத பூசை முடிந்து வண்டியிலேயே விட்டுவிடும் பொரி, கடலை, தேங்காய்ச் சில், வாழைப்பழம் ஆகியவற்றை அன்றே எடுத்துவிட வேண்டும். சவர்க்காரத்தையும் மெழுகுவத்தியையும்கூட எலி தின்னும்.

போர்வை, தலையணை, கைத்துடைக்கும் தாள் ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, இழுப்பறைகளைத் திறந்து வைத்தால் மறைவிடம் குறையும்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

வேனுக்குள் விஷம் வைப்பதே மிகத் தவறான வழி. விஷம் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்துச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் போய்ச் சாகும். அதை எடுக்கப் பலகையையே கழற்ற வேண்டியிருக்கும். பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் ஆபத்து வேறு. தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தப் பெட்டி வைத்து வளர்க்கும் கூகையும், விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் பாதிக்கப்படும்.

அடிக்கும் பொறி நம்பகமானது. சுவரை ஒட்டி, இரை வைத்த முனை சுவரைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய், கருவாடு, நெத்திலி நல்ல இரை. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். எனவே இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிய பிறகு பூட்டலாம். சுண்டெலிக்கு அந்தத் தயக்கம் குறைவு. பசைப் பொறியில் மாட்டிய எலி நெடுநேரம் துடித்து அங்கேயே சிறுநீர் கழிப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

எலி உள்ளே இருக்கும்போதே எல்லா ஓட்டைகளையும் அடைத்தால் அது உள்ளேயே செத்துவிடும். முதலில் பொறி வைத்துப் பிடிக்க வேண்டும். சில நாள் புதுப் புழுக்கை தென்படவில்லை என்றால் கடைசி ஓட்டையையும் அடைக்கலாம்.

நம்பிக் கெட வேண்டாதவை

மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவிகளுக்கு எலி சில நாளிலேயே பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே, ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாது என்று இக்கருவிகளைத் தயாரிப்போரையும் விற்போரையும் எச்சரித்தது.

அந்துருண்டை எலியை விரட்டுவதைவிட மனிதருக்கே கெடுதல் செய்கிறது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு நாப்தலின் உருண்டையால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் இரத்தச்சோகை ஏற்படலாம். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் இந்தக் குறைபாட்டுக்குச் சோதனை செய்யப்படுகிறது. அத்தகைய பிள்ளை உள்ள குடும்பம் அடைத்த வேனில் அதைப் போடவே கூடாது.

சுத்தம் செய்யும் முறை

புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கவோ, உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்கவோ கூடாது. தூசு மூக்கில் ஏறும். முதலில் கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மேலும் கூட்டின் மேலும் நன்றாகத் தெளித்து, குறைந்தது ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு தாளால் துடைத்து இரட்டைப் பையில் கட்டி எறியலாம். குளோராக்ஸோடு வேறு கழுவும் திரவத்தைக் கலந்தால் நச்சு வாயு வரும். மூத்திரம் ஊறிய மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காமல் தூக்கிப் போடுவதே நல்லது.

அதன்பின் ஒரு மாதத்திற்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கண் மஞ்சளாதல் போன்றவை தோன்றினால் தாமதிக்காமல் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் இது டெங்கி போலவே தெரியும். எலிக்கூட்டைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் தாமே சொல்லிவிட வேண்டும். அவருக்கு அது தெரிய வேறு வழியில்லை. காலத்தோடு கண்டறிந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

நிறுத்தும் முன் ஒரு சுற்று

உணவு அனைத்தும் வெளியே. துணியும் தலையணையும் வீட்டுக்குள். இழுப்பறைகள் திறந்தபடி. எரிவாயுத் தோம்பின் வால்வு அடைப்பு. குளிர்சாதனம் உட்காற்றுச் சுழற்சியில். இரண்டு மூலையில் பொறி. வாரம் ஒருமுறை எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்க நாள்காட்டியில் ஒரு குறிப்பு. மொத்தம் அரை மணி நேர வேலை. வயர்களை மாற்றப் பட்டறைக்குக் கொடுக்கும் வெள்ளியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.