இரண்டாவது ஆடு

'பலிக்கடா' என்ற சொல்லை நாம் அடிக்கடி ஆள்கிறோம். நாம் அறிந்த வேள்வியில் கடா வெட்டுண்டு போகும். விவிலியத்தின் லேவியராகமம் 16 ஆம் அதிகாரத்திலோ இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலியிடப்படும். மற்றையதன் தலைமீது குரு கைகளை வைத்து, மக்களின் பாவங்களை அதன்மேற் சுமத்தி, உயிருடன் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்.

இச்சடங்கு மனிதர்மீது நிகழ்ந்தால் என்னவாகும்? கொள்ளைநோய் பரவிய 14 ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உலக முடிவு நெருங்கிவிட்டதென அஞ்சியோர் பலர். முடிவுக்கு அஞ்சும் மனம் பாவி யாரெனத் தேடும். கிணறுகளில் நஞ்சிட்டார்களென யூதர்மீது பழி விழுந்தது. யூதரும் அதே நோயால் மடிகின்றனரே என்று பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து 1348 இல் எடுத்துரைத்தும் பயனில்லை. 1349 பெப்ரவரி 14 இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர் எரிக்கப்பட்டனர். நோய் அப்போது அந்நகரை எட்டியிருக்கவில்லை. பின்னர் அது வந்தே தீர்ந்தது. குற்றமற்ற ஒருவர் சிலுவையில் அறையப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே இதையும் செய்தனர்.

நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாண வைபவமாலையைப் படிப்பிக்கும்போது, சங்கிலி மன்னன் பகுதியில் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. 1544 இல் மன்னாரிற் கிறிஸ்தவம் தழுவியவர்களை அவன் கொல்வித்தான். வைபவமாலை கூறும் தொகை 600. போர்த்துக்கேயர் பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் வாள் விழுந்தது சொந்தக் குடிகள்மீது. அடுத்து, புத்த சமயத்துச் சிங்களவரையும் நாட்டைவிட்டுத் துரத்தினான் என்கிறார் மயில்வாகனப் புலவர். ஓர் ஆடு வெட்டுண்டது, மற்றையது துரத்துண்டது. அச்சம் தீர்ந்ததா? 1560 இல் மன்னாரையும் 1619 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். கை மாறியது, சடங்கு மாறவில்லை.

அது பழங்கதையுமன்று. 1990 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை, இரண்டு மணிநேர அவகாசத்தில், விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வடக்கெங்கும் வெளியேற்றப்பட்டோர் 70,000 இற்கு மேல். சிலர்மீது கொண்ட ஐயம் ஒரு சமூகம் முழுவதன் தலையிலும் சுமத்தப்பட்டது. போரோ மேலும் 19 ஆண்டுகள் நீடித்தது.

லேவியராகமத்து ஆடு திரும்பி வருவதில்லை. மனிதர் வருவர். சோனகதெருவுக்கு ஒரு பகுதியினர் வந்திருக்கிறார்கள். சுமந்து போன பாவம் அவர்களுடையதன்று என்று சொல்லவேண்டியவர்கள் நாம்.