தாபா வயலும் நம் கொல்லைப்புறமும்

நகரத்து இல்லங்களில் தோட்டம் வளர்க்க விழைவோர் நாவில் இந்நாளில் ‘பெர்மாகல்ச்சர்’ என்னும் சொல் பெரிதும் பயின்று வருகின்றது. ஆஸ்திரேலிய நாட்டினராகிய பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்னும் இருவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றால் இச்சொல் உலகெங்கும் பரவிற்று. ‘நிலைத்த வேளாண்மை’ என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். காட்டில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இல்லை. உதிர்ந்த இலை வேருக்கு உணவாகிறது. பறவையின் எச்சம் மண்ணுக்கு எருவாகிறது. அவ்வாறே வீட்டிலும் தோட்டத்திலும் ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகுமாறு அமைத்துக்கொள்க என்பதே அக்கொள்கையின் உயிர்நிலை.

கேட்பதற்குப் புதுமையாகத் தோன்றினும், நூலறியா மக்கள் இதனைப் பெருமாநகர் ஒன்றின் அளவில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடத்திக் காட்டிய இடம் ஒன்று உண்டு. அது நாம் வாழும் இக்கொல்கத்தாவின் கிழக்கு எல்லையே. லேக் பகுதியிலும் பிதான்நகரிலும் வாழும் நம் குடும்பத்தார் அதன் வழியே பலமுறை ஊர்தியிற் சென்றிருப்பர். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தோரும் உண்டு. அவ்விடத்தின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

ஹூக்ளி ஆற்றின் கரை மேடானது. அங்கிருந்து நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்து, உப்பேரிகள் எனப்பட்ட சதுப்பில் சென்று முடிந்தது. ஆங்கிலேயரோ தொடக்கத்தில் நகரத்துச் சாக்கடையை மேற்கே ஆற்றிற்கு இட்டுச்செல்ல முயன்றனர். நீர் மேடேறுமா? கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு 1803-ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பொன்றில், நகரின் வடிகால் நிலத்தின் சரிவுக்கு மாறாக அமைந்துள்ளது என்பதைச் சுட்டினார். ஆயினும் மேலும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1855-இல், வில்லியம் கிளார்க் என்னும் பொறியாளர் நிலத்தடி வடிகால் திட்டத்தை வகுத்தளித்தார். அதன்படி சாக்கடை நீர் கிழக்கே திருப்பப்பட்டு, வித்யாதரி என்னும் ஆற்றின் வழியாகக் கடலை நோக்கிச் செல்லலாயிற்று. நிலத்தை முதலில் உற்றுநோக்கு, பின்னர் கை வை என்று இன்று தோட்டக்கலை பயிற்றுவோர் கூறுகின்றனர். அப்பாடத்தைக் கற்க இந்நகரத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

சாக்கடைக்கு வழி பிறந்தது. குப்பைக்கு என் செய்வது? 1865-ஆம் ஆண்டை ஒட்டி நகராட்சியார் உப்பேரிகளின் ஓரத்தே தாபா என்னுமிடத்தில் ஒரு சதுர மைல் நிலத்தைப் பெற்றனர். (நெடுஞ்சாலையோரத்து உணவுக் கடைக்கும் இப்பெயருக்கும் தொடர்பொன்றும் இல்லை.) சிறிய இருப்புப்பாதை அமைத்து நகரத்துக் குப்பையை நாள்தோறும் வண்டிகளில் கொண்டுபோய் அங்கே கொட்டினர். 1879-80-இல் பவநாத் சென் என்பவர் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். குப்பைமேட்டைக் குத்தகைக்கு எடுப்பாரும் உண்டோ என்று அக்காலத்தார் நகைத்திருக்கவும் கூடும். ஆனால் அந்நாளைய குப்பை என்பது யாது? அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், குதிரைச் சாணம், வைக்கோல், வாழையிலை ஆகியவையே. பிளாஸ்டிக் என்னும் பொருள் அன்று மக்கள் வழக்கில் பரவவில்லை. அக்குப்பை மட்கிய இடம் கருமண்ணாயிற்று. குப்பை மட்கிய நிலத்தை நீண்ட பாத்திகளாகவும், பாத்திகளுக்கிடையே சாக்கடை நீர் தேங்கும் நீண்ட குட்டைகளாகவும் வகுத்துக்கொண்டனர் உழவர். குட்டையில் முகந்த நீரே பயிருக்கு நீரும் எருவுமாயிற்று. பூக்கோசும் முள்ளங்கியும் கத்தரியும் கீரையும் அங்கே செழித்தன. நம் குடும்பங்களிற் பல மீனைத் தொடுவதில்லை. எனினும் பனிக்காலத்தில் சந்தையில் வாங்கும் பூக்கோசில் தாபா மண்ணின் உழைப்பை உண்ணாத இல்லம் நம்மிடையே அரிது.

இனி மீனின் வரலாறு. வித்யாதரி கடலின் ஏற்றவற்றத்தால் உயிர்வாழ்ந்த ஆறு. சாக்கடையின் வண்டலாலும், குறுக்கே வெட்டப்பட்ட கால்வாய்களாலும் அதன் மூச்சு அடைபட்டது. 1928-ஆம் ஆண்டில் அவ்வாறு செத்துவிட்டதென அரசினரே முடிவு கூறினர். உப்புநீர் வரத்து நின்றது. உப்புநீர் மீனை நம்பியிருந்தோர் பிழைப்பும் நின்றது. இந்நிலையில்தான், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்பகுதி மீனவர் சாக்கடை நீரையே ஏரிகளில் அளவாக விட்டு நன்னீர் மீன் வளர்க்கும் முறையைப் பெருக்கினர். ஆறு இறந்ததைக் கண்டு ஊரைவிட்டுப் போகாமல், வந்து சேர்ந்த அழுக்கையே முதலாகக் கொண்ட அம்மக்களின் துணிவை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் பொறியாளர் பி. என். டே என்பாரின் திட்டப்படி, சாக்கடை நீரைத் தொலைவிலுள்ள குல்டி ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் நெடுங்கால்வாய்கள் 1940-களில் நிறைவெய்தின. அக்கால்வாய்களிலிருந்தே ஏரிகளுக்கு நீர் கிடைக்கலாயிற்று.

இவ்வேரிகளை வங்காளியர் ‘பேரி’ என்பர். இவற்றிற் பெரும்பாலானவற்றில் ஆழம் மூன்று நான்கு அடிக்கு மேலில்லை. வெயில் அடிமண்வரை எட்டவேண்டும் என்பதே காரணம். பனிக்காலத்தில் ஏரியை வடித்து, சேற்றைக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, பின்னர் சாக்கடை நீரைப் பாய்ச்சுவர். உடனே மீனை விடார். சில வாரங்கள் அந்நீர் அசையாது கிடக்கும். நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். சிதைந்ததை உண்டு பாசி தழைக்கும். பாசி வெயிலின் துணையால் உயிர்க்காற்றை நீரில் கலக்கும். அக்காற்றால் நுண்ணுயிர்கள் மேலும் பெருகும். நீரின் நிறம் பசுமையாகிக் கெட்ட நாற்றம் நீங்கிய பின்னரே ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா முதலிய குஞ்சுகளை இடுவர். பாசி மிகுந்தால் நீர் கெடும். மீன் அதனை உண்டு அளவில் நிறுத்துகிறது. கரையோரத்தில் வெங்காயத் தாமரையை மூங்கிற் கழிகளால் தடுத்து வளர்ப்பர். நாம் களையென்று வெறுக்கும் அச்செடி அலை மோதிக் கரை கரையாமற் காக்கிறது. கோடையில் மீனுக்கு நிழலாகிறது. நீரிலுள்ள நச்சு உலோகங்களிற் சிலவற்றை வேரால் இழுத்துக்கொள்கிறது. ஒரு பொருள் பல பணி செய்தல் வேண்டும் என்னும் மாலிசனின் விதிக்கு இதனினும் நல்ல சான்றை நாம் அறியோம்.

ஏரியினின்று வெளியேறும் நீர் பின்னர் நெல்வயலுக்குச் செல்கிறது. நம் தமிழகத்தில் மேலேரி நிறைந்து கலிங்கின் வழியே வழிந்த நீர் கீழேரிக்குச் செல்லும் ஏரித்தொடரைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. ஒன்றே வேறுபாடு: அங்கே மழைநீர் படியிறங்கிற்று, இங்கே ஒரு மாநகரின் அழுக்கு படிப்படியாகத் தூய்மை எய்துகிறது.

இவ்வளவும் அரசினர் ஏட்டில் நெடுநாள் இடம்பெறவில்லை. 1980-களின் தொடக்கத்தில் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் என்பவர், நகரத்துச் சாக்கடை எங்குச் சென்று என்னாகிறது என்று அறியக் கால்வாய்களைப் பின்தொடர்ந்து சென்றார். சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு வழிதேடிய அவர், எந்திரமும் மின்சாரமும் இன்றி வெயிலாலும் மனிதரின் கைத்திறனாலும் இயங்கும் நிலையம் ஒன்று முன்னரே இருப்பதைக் கண்டார். அவர் அதற்கு உலகறிய விளக்கம் தந்தார். 1990-இல் ஐக்கிய நாடுகளின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றார். 2018-இல் மறையும்வரை இந்நிலத்துக்காகவே வாதாடினார்.

வாதாட வேண்டிய நிலையும் வந்தது. நகருக்கு இடம் போதவில்லை. 1962-ஆம் ஆண்டில், டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராயிருந்தபோது, வடக்கு உப்பேரிகளை நிரப்பும் பணி தொடங்கிற்று. யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே செலுத்தி ஏரிகளைத் தூர்த்தது. அங்கே எழுந்ததே பிதான்நகர் எனப்படும் சால்ட் லேக். நம் தமிழ்க் குடும்பங்களிற் சிலவும் அந்நிலத்தின் மீதே மனை கொண்டு வாழ்கின்றன. அந்நகர் வேண்டாததென்று நாம் கூறோம். நாட்டுப் பிரிவினைக்குப் பின் மக்கள் வெள்ளம் வந்து சேர்ந்த ஊருக்கு வீடுகள் வேண்டியிருந்தன. ஆனால் அதனைத் தொடர்ந்து தெற்கேயும் கிழக்கேயும் ஏரிகள் ஒவ்வொன்றாய் மனைகளாயின. ‘பப்ளிக்’ என்னும் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் எஞ்சிய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுதலைத் தடைசெய்தது. 2002-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19-ஆம் நாள், 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஒப்பந்தப்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாயிற்று. 2006-இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றிற்று. சட்டம் உண்டெனினும், இரவில் மண்லாரிகள் ஓய்ந்தபாடில்லை என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

இவ்வேரிகள் மறையின் நேர்வது யாது? நகரின் அழுக்கைத் தூய்மை செய்ய எந்திர நிலையங்களும் மின்சாரமும் வேண்டும். அதன் செலவு நம் வரிச்சீட்டில் வந்து சேரும். மழைக்காலத்தில் ஓடிச்சென்று தங்க இடமின்றி வெள்ளம் நம் வாயிற்படியில் நிற்கும். காய்கறி தொலைவூரிலிருந்து லாரியேறி வரும்.

மற்றோர் ஆபத்து மனையினும் கொடிது. சாணமும் சாம்பலுமாய்ச் சென்ற கழிவில், தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியமும், சாயமும், பழைய மின்கலங்களும் கலந்தன. சுழற்சியில் வந்த நஞ்சு சுழற்சியிலேயே நிற்கும். மண்ணிலிருந்து கீரைக்கும், கீரையிலிருந்து நமக்கும் அது வந்து சேரும். உச்சநீதிமன்றம் 1996-இல் டாங்ரா, டில்ஜலா பகுதித் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே செல்லுமாறு பணித்தது. பந்தலாவில் அவற்றுக்கென ஒரு வளாகம் எழுந்தது. ஆலைக்கு ஆணையிட நீதிமன்றம் உண்டு. அடுக்களையிலிருந்து புறப்படும் வாளிக்கு ஆணையிடுவார் இல்லத்தாரே. மாநகராட்சியார் பச்சை, நீலம் என இரு வாளிகள் தந்து, மட்கும் குப்பையைத் தனியே கேட்கின்றனர். மருந்துப்பட்டியும் மின்கலமும் பச்சை வாளியில் விழுமாயின், பவநாத் சென் காலத்துக் கருமண் இனி உண்டாவதற்கில்லை.

நம் பாட்டிமார் இக்கொள்கையின் பெயரை அறியார், செய்கையை அறிவர். முற்றத்து நீர் வாழைக்கும் சேம்புக்கும் செல்லும்; அரிசி கழுநீர் மாட்டுத் தொட்டிக்குச் செல்லும்; அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கி எஞ்சியது கீரைப்பாத்திக்குச் செல்லும். கொல்லை இன்றி மாடியும் பால்கனியுமே வாய்த்த இக்கொல்கத்தா வாழ்விலும் அதனை ஓரளவு செய்யலாம். துளையிட்ட மட்பானை ஒன்றில் காய்கறித் தோலை ஒரு பிடியும் காய்ந்த சருகை ஒரு பிடியுமாக மாற்றி மாற்றி இட்டு மூடிவைப்பின் இரண்டு மூன்று திங்களில் எருவாகும். சருகு குறைந்தாலே நாறும்; அண்டைவீட்டார் புகாருக்கு முக்காற்பங்கு காரணம் அதுவே. இவ்வூரில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வதால், ஆடி ஆவணியில் பானையை நனையாமற் காத்தல் வேண்டும். தொட்டிகளின் அடித்துளை அடையாமலும் பார்த்தல் வேண்டும். பழைய கட்டடமாயின் மாடி நடுவில் மண் சுமத்தாமல், சுவரும் உத்திரமும் தாங்கும் ஓரங்களில் தொட்டிகளை வைப்பதே அறிவுடைமை.

உரத்துக்கு வங்காளியர் கடுகுப் பிண்ணாக்கைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நன்றாக நீர்த்துச் செடிக்கு ஊற்றுவர். நாற்றம் கடுமையெனினும் பயன் பெரிது. நம் ஊர்க் கடலைப் பிண்ணாக்கைத் தேடியலைய வேண்டுவதில்லை. செடிகளிலும் இவ்வூருக்கு இசைந்தவற்றையே முதலில் வைத்தல் நன்று. கறிவேப்பிலை பனிக்காலத்தில் வாடி நம்மைக் கலங்கச் செய்யும். பங்குனி வெயிலில் மீண்டும் துளிர்க்கும். கொடிப்பசலைக்கோ கவலையே இல்லை. அதனை அவர்கள் ‘புயி’ என்கின்றனர். நம் வள்ளைக்கீரை அவர்தம் ‘கல்மி’. சிறிது நிலம் வாய்த்த இல்லத்தார் முருங்கையை நடலாம். வேனிலின் தொடக்கத்தில் அதன் பூவைக் கறி சமைக்க வங்காள அண்டைவீட்டார் கேட்டு வருவர்; கீரை நமக்கு; காயை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம்; கழித்த கிளையும் உதிர்ந்த இலையும் பானைக்குச் செல்லும்.