திருச்சியின் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவித்தல்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பிள்ளைகள் எழுத்துப் பழகியது முதலில் மணலில்தான். விஜயதசமியன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை, ஆசிரியர் விரலைப் பிடித்து எழுதுவிக்க, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். 1822-இல் சென்னை ஆளுநர் மன்றோ தொடங்கிய கணக்கெடுப்பில் திருச்சி மாவட்டத்தில் 790 பள்ளிகள் பதிவாயின.

அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன். இவற்றைப் பிள்ளைகள் முதலில் செவிவழி மனப்பாடம் செய்தனர். அதைக் குருட்டு மனப்பாடம் என்று தள்ளுவது நியாயமன்று. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. செய்யுளை முன்பே அறிந்தவரால்தான் அதைத் தடையின்றி வாசிக்க முடியும். குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் குறிகளை, திருச்சிக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் சீர்செய்தார் என்பர்.

மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். மணலெழுத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார்.

திருச்சிக்கு அருகே அதவத்தூரில் இத்தகைய பள்ளி நடத்தியவர் சிதம்பரம் பிள்ளை. அவரிடம் எழுத்துப் பயின்ற மகன்தான், 1815-இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர்.

அச்சுப் புத்தகம் பரவியபின் புள்ளியும் சொல் இடைவெளியும் நிலைத்தன. மனப்பாடம் இல்லாமலே புதிய வரியைப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கினர்.